குதிரை நடப்பதைக் காட்ட ஒரு சேனல்கூடக் கிடையாதா?

பாளை கால்நடை எழுதியது:

சந்தா கட்டித் தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்க்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உங்களிடம் ஒரு வழி கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். பணம் வைத்து ஆடுகிற பழக்கம் எனக்கு இல்லை, எனக்கு வேண்டியது குதிரை. நெல்லைச் சீமையில் பந்தயத் திடல் கிடையாது. தமிழ்நாட்டில் இருந்தவை இரண்டு. ஊட்டித் திடலை 2024 ஜூனில் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் குத்தகையையும் ரத்து செய்தது. வாடகை பாக்கி, நீதிமன்றம் என்று அது தனிக் கதை, இங்கே வேண்டாம். பெங்களூருக்கும் மைசூருக்கும் போய்வர என் முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஆகவே தொலைக்காட்சிதான் எனக்குத் திடல்.

சென்ற ஆண்டு இரண்டு இடத்தில் பணம் கட்டினேன். கேபிளில் விளையாட்டுச் சேனல்கள் அடங்கிய தொகுப்பு ஒன்று, டிவியிலும் கைப்பேசியிலும் ஓடுகிற செயலி ஒன்று. செயலிக்கு ஆண்டுச் சந்தா மட்டும்தான், ஒரு மாதத்துக்குத் தரமாட்டார்கள். விளம்பரத்தில் குதிரை பாய்கிற படத்தைப் போட்டுத்தான் விற்றார்கள்.

மெல்போர்ன் கோப்பை நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். 1861 முதல் நடக்கிற ஓட்டம், 3,200 மீட்டர், 24 குதிரைகள் வரை ஓடும். நம் நேரப்படி காலை ஒன்பதரை. நான் அதற்கு வெகுநேரம் முன்பே உட்கார்ந்துவிட்டேன். ஓடுவதற்கு முன் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள், பேடாக் என்று சொல்வார்கள், அதற்காகத்தான் காத்திருந்தேன். திரையில் வந்தது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த மூன்று பேர். பிறகு தொப்பி அணிந்த பெண்களின் ஆடை அலங்காரம். பிறகு எந்தக் குதிரை மேல் பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு எத்தனை கிடைக்கும் என்ற பட்டியல், பாதித் திரையை அடைத்துக்கொண்டு. விளம்பரம். மறுபடியும் மேசை. குதிரைகளை நான் பார்த்தபோது அவை ஓட்டம் தொடங்கும் கூண்டுக்குள் நின்றன.

ஓட்டம் மூன்று நிமிடத்துச் சொச்சம். வென்ற குதிரை நின்று மூச்சு வாங்குவதற்குள் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின் மறு ஒளிபரப்புக்குப் போய்விட்டார்கள். கடைசியாக வந்த குதிரைகள் எப்படி வந்தன, நொண்டிக்கொண்டு வந்ததா, நன்றாக வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் செயலியில் தேடினால் ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று ஒரு வரி. காலையில் இதே வீட்டில், இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி அது!

பேடாக்கில் என்ன பெரிதாக இருக்கிறது என்று என் மகனே கேட்டான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலை தாழும். வலியிருக்கிற காலில் பாரம் இறங்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். துள்ளுநடையில் இது நன்றாகத் தெரியும். சாதாரண நடையில் கண் பழகியிருந்தால்தான் பிடிபடும். பின்காலில் கோளாறு என்றால் தலையைப் பார்த்துப் பயனில்லை, பின்னால் நின்று இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குளம்புக்கு மேலுள்ள மூட்டுக்கும் முழங்காலுக்கும் நடுவில், காலின் பின்பக்கமாக ஒரு தசைநார் ஓடும். நல்ல குதிரைக்கு அது முறுக்கிய கயிறு மாதிரி நேராக நிற்கும், கொஞ்சம் வளைந்து உப்பியிருந்தாலும் எனக்கு மனம் பதறிவிடும். அப்புறம் வேர்வை. நடக்கும்போதே கழுத்திலும் தொடை இடுக்கிலும் நுரை கட்டிய குதிரை, ஓடுவதற்கு முன்பே பாதித் தெம்பை இழந்துவிட்டது. காது, வால், கடிவாளத்தைப் பிடித்திருக்கிறவரோடு அது ஒத்துப்போகிற விதம் எல்லாவற்றையும் இந்தச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடையுள்ள உடம்பு. நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம், அதன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேலான பாரம் ஒரே முன்காலில் இறங்குகிறது. 2020 மெல்போர்ன் கோப்பையில் ஆன்டனி வான் டைக் என்ற குதிரைக்குக் கடைசி நேர்ப்பாதையில், குளம்புக்கு மேலுள்ள அந்த மூட்டு எலும்பு முறிந்தது. முந்தின ஆண்டு இங்கிலாந்தில் எப்சம் டெர்பி ஓட்டத்தை வென்ற குதிரை. பிழைக்க வைக்க முடியவில்லை. அதன் பிறகுதான் வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை ஸ்கேன் செய்யாமல் அங்கே ஓடவிடுவதில்லை என்று விதியைக் கடுமையாக்கினார்கள். இவ்வளவு ஆபத்து உள்ள விளையாட்டில், பார்க்கிறவனுக்குக் குதிரையின் காலைக் காட்டவேண்டும் என்று ஒளிபரப்புகிறவர்களுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

புகார் கொடுத்தேன். எண் ஒன்று தந்தார்கள். பிறகு ஒரு பெண் அழைத்து, ‘சார், உங்களுக்கு மேட்ச் தடையில்லாமல் வருகிறதா?’ என்று கேட்டார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் கொடுத்த தாளில் குதிரை என்ற சொல்லே இருந்திருக்காது.

பேடாக்கில் தொடங்கி, குதிரை லாயத்துக்குத் திரும்புகிறவரை முழுதாகக் காட்டுகிற இடம் ஏதாவது உண்டா? கேபிளில் வேண்டாததை எல்லாம் கழித்துவிட்டு ஒரே ஒரு சேனலை எடுக்க முடியுமா? கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பை கேபிள் எழுதியது:

அண்ணாச்சி, வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் கேபிள் இணைப்புக் கொடுக்கிறவன், உங்கள் கேள்வியில் பாதிக்கு நான் பதில் சொல்லலாம்.

குதிரைக்கென்று தனிச் சேனல் எங்கள் வரிசையில் இல்லை. விளையாட்டுச் சேனல்கள் பெரிய ஓட்டங்களுக்கு மட்டும் உரிமை வாங்கி, கிரிக்கெட்டும் கபடியும் இல்லாத இடைவெளியில் போடுகின்றன. எந்த நாள் எந்தச் சேனல் என்று எங்களுக்கே முன்கூட்டித் தெரியாது. உங்கள் தொகுப்பை நீங்கள் குதிரைக்காக வாங்கியிருக்கிறீர்கள், அவர்கள் அதைக் கிரிக்கெட்டுக்காக விற்கிறார்கள்.

தனியாக ஒரு சேனலை எடுக்கலாம். 2019 பிப்ரவரியில் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, தொகுப்பில் இருக்கிற எந்தக் கட்டணச் சேனலையும் தனி விலைக்கும் கொடுத்தே ஆக வேண்டும். ‘தொகுப்பாகத்தான் தருவோம்’ என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கைப்பட ரசீது வாங்குங்கள். மறுத்தால் அந்த நிறுவனத்துக்கு மாநில அளவில் ஒரு நோடல் அதிகாரி இருப்பார், அவருக்குப் புகார் எண்ணோடு எழுதுங்கள். ட்ராய் தனி ஆளின் புகாரை நேரடியாகத் தீர்த்துவைக்காது. அதனால் நேரே அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.

செயலி விஷயம் வேறு. அதற்கு இந்தக் கேபிள் விதி பொருந்தாது. விளம்பரத்தில் குதிரையைக் காட்டி விற்றுவிட்டுப் பிறகு இல்லை என்கிறார்கள் என்றால் அது நுகர்வோர் சட்டத்தில் வரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் முடியவில்லை என்றால் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. அந்த விளம்பரத்தையும், ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்ற திரையையும் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மற்றபடி தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். நம் பக்கத்தில் குதிரையை யார் பார்க்கிறார்கள் என்றுதான் மேலே உள்ளவர்கள் கேட்பார்கள். எங்கள் இணைப்புகளில் குதிரை கேட்ட வீடு ஒன்றுகூட இல்லை.

பாளை கால்நடை எழுதியது:

தம்பி, மிகவும் நன்றி. திரையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். விளம்பரம் மகனின் கைப்பேசியில் வந்தது, தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் குதிரையை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்கு அருகில் இருக்கிற பழையகாயல், பாண்டியர் காலத்தில் குதிரை இறங்கிய துறை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை வருகிறது, அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, ஏனென்றால் குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வைத்தியர்களை இந்தப் பக்கம் வர விடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். குதிரை இல்லாத ஊர் அல்ல இது. குதிரையைப் பார்க்கத் தெரிந்த கண்ணை வளரவிடாத ஊர். அதற்காகவாவது குதிரை நடப்பதைக் காட்ட வேண்டாமா?

இன்னொன்று. சொந்தக்காரர்களில் பலர், நான் இதைப் பார்ப்பதையே சூதாட்டம் என்கிறார்கள். 1974-இல் நம் மாநிலம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே கொண்டுவந்தது. ரேஸில் வீட்டை இழந்த குடும்பங்கள் இருந்தன, அந்தக் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் இது அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் இல்லை, திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பு வந்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறன் எல்லாவற்றையும் எடுத்துப் பேசிய தீர்ப்பு. டிவியில் அந்தத் திறமை எங்கே வருகிறது? நடையைக் காட்டுவதில்லை, பயிற்சியைக் காட்டுவதில்லை, ஒன்றுக்கு எத்தனை என்பதை மட்டும் காட்டுகிறார்கள். நீதிமன்றம் இல்லை என்று சொன்னதைத்தான் இவர்கள் நாள்தோறும் உண்டு என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் சொந்தக்காரர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

டான்காஸ்டர் தென்காசியான் எழுதியது:

அண்ணாச்சி, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இங்கிலாந்தில் டான்காஸ்டரில் மருத்துவமனை வேலை. 1776 முதல் செயின்ட் லெஜர் ஓட்டம் நடக்கிற ஊர் இது. ஆகவே குதிரை பற்றிய பேச்சுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் சந்தா கட்டுகிறவனின் வருத்தம் இங்கேயும் அப்படியே இருக்கிறது, வேறு வடிவத்தில்.

இந்த நாட்டுத் திடல்களை இரண்டு கட்டணச் சேனல்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. அஸ்காட்டும் எங்கள் டான்காஸ்டரும் ஒன்றில், செல்ட்னம், எய்ன்ட்ரீ, யார்க் இன்னொன்றில். டான்காஸ்டரிலிருந்து யார்க் ரயிலில் அரை மணி நேரம்தான். இரண்டு ஊர் ஓட்டத்தையும் வீட்டில் பார்க்க இரண்டு சந்தா வேண்டும். முன்பு கிராண்ட் நேஷனல் 1960 முதல் 2012 வரை பிபிசியில் வந்தது, பிறகு சேனல் 4, 2017-லிருந்து ஐடிவி. இதுபோன்ற பெரிய ஓட்டங்கள் இன்னும் இலவசமாகக் கிடைக்கின்றன. அன்றாட ஓட்டங்களுக்குத்தான் இந்தப் பாடு.

நீங்கள் கேட்கிற பேடாக்கைப் பொறுத்தவரை இங்கே கொஞ்சம் பரவாயில்லை. குதிரைகள் நடப்பதைப் பார்த்து உடம்பு எப்படி, நடை எப்படி என்று சொல்வதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே பிற்பகலில் பல திடல்களில் ஓட்டம் நடக்கிறது. ஒரு ஊரில் குதிரை நடக்கத் தொடங்கும்போதே இன்னொரு ஊரில் கூண்டு திறந்துவிடும். திரையை இரண்டாகப் பிளந்துவிடுவார்கள், நடக்கிற குதிரை ஒரு மூலையில் சின்னதாகப் போய்விடும். நீங்கள் சொன்ன தசைநாரை அந்த அளவில் யாராலும் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய டிவிஜி என்ற குதிரைப் பந்தயச் சேனல், 2022-இல் ஃபேன்டூயல் என்ற பந்தய நிறுவனத்தின் பெயரையே தாங்கிக்கொண்டது. பந்தயம் கட்டுகிறவன் பணத்தில்தான் இந்தச் சேனல்களின் அடுப்பு எரிகிறது. உங்களைப் போல் கட்டாமல் பார்க்கிறவர் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் சந்தா கட்ட வேண்டும்.

இராமையன்பட்டி மாணவன் எழுதியது:

ஐயா, நான் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். உங்கள் பதிவை எங்கள் விடுதி அறையில் எல்லோரும் படித்தோம். காசு கொடுக்கவே வேண்டாம், ஹாங்காங் ஜாக்கி கிளப்பின் இணையதளத்துக்குப் போங்கள்.

அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்தின் காணொளியையும் இலவசமாக வைத்திருக்கிறார்கள், மேலிருந்து எடுத்த காட்சி உட்பட. எங்களுக்கு அதைவிடப் பயன்படுவது காலைப் பயிற்சிக் காணொளிகள். ஒவ்வொரு குதிரையும் ஓடுவதற்கு முந்தின நாட்களில் எப்படிப் பயிற்சி எடுத்தது என்று அங்கே பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, குதிரை வாரியாக மருத்துவக் குறிப்புகளை வெளிப்படையாகப் போடுகிறார்கள். எந்தத் தேதியில் எந்தக் காலில் நொண்டல், மூக்கில் ரத்தம் வந்ததா, மறுபடி ஓட எப்போது அனுமதி கிடைத்தது என்று எல்லாம் இருக்கும். நாங்கள் முதலில் குதிரையின் நடையைக் காணொளியில் பார்த்து எந்தக் கால் என்று எழுதிவைத்துக்கொண்டு, பிறகு மருத்துவக் குறிப்பைத் திறந்து ஒப்பிடுவோம். வகுப்பில் குதிரை கிடைப்பது அரிது, ஆகவே எங்களுக்கு இது பெரிய படிப்பு.

புதன்கிழமைகளில் ஹாப்பி வேலியில் இரவு ஓட்டம். நமக்கு மாலை நான்கு மணிக்கு மேல். வார இறுதியில் பெரும்பாலும் ஷா டின். ஜப்பானின் பெரிய ஓட்டங்களை அந்த நாட்டுப் பந்தயக் கழகமே யூடியூபில் போடுகிறது. நம் நாட்டில் மும்பை, பெங்களூரு கிளப்கள் தங்கள் தளத்தில் ஓட்டங்களின் காணொளி தருகின்றன. அவற்றோடு, ஓட்டத்தைக் கண்காணிக்கிற அதிகாரிகளான ஸ்டீவர்ட்களின் அறிக்கையையும் படியுங்கள். எந்தக் குதிரை நொண்டிக்கொண்டு வந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள். மெல்போர்னில் கடைசியாக வந்த குதிரைகளைப் பற்றி நீங்கள் கேட்டீர்களே, அந்த ஊர் ஸ்டீவர்ட் அறிக்கையும் இணையத்தில் கிடைக்கும். அதைத் தேடி உங்களுக்கு அனுப்புகிறேன்.

ஓட்டப்பிடாரத்து வண்டிக்காரர் மகள் எழுதியது:

பெரியப்பா, இதை எல்லாம் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் மாட்டு வண்டியும் உண்டு, குதிரை வண்டியும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவாகட்டும், எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளாகட்டும், வண்டிப் பந்தயத்தைப் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக விடுவார்கள். குதிரை வண்டி விடுகிற ஊர்களும் உண்டு. அதைப் படம் எடுப்பவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள்தான். ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்ட, இன்னொருவன் பின்னால் திரும்பி உட்கார்ந்து எடுக்கிறான். கொடி விழுவதிலிருந்து திரும்பி வருகிறவரை வண்டியை விட்டுக் கேமரா நகராது. யாரும் நடுவில் விளம்பரம் போடுவதில்லை, யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் அவர்களும் விடுவதற்கு முந்தின நேரத்தைக் காட்டுவதில்லை. என் அப்பா குதிரையை வண்டியில் பூட்டுவதற்கு முன் நாலு காலையும் தடவிப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே கையை மெதுவாக இறக்கி, ஒரு காலைவிட இன்னொரு கால் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார். சூடு இருந்தால் அன்றைக்குப் பூட்டமாட்டார், முன்பணம் கட்டியிருந்தாலும் சரி. ஒரு முறை இதற்காக ஊரே சத்தம் போட்டது, அப்பா அசையவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகு, அடுத்த பந்தயத்தில் இதையும் எடுங்கள் என்று எங்கள் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். எடுத்தால் இங்கேயே சுட்டி போடுகிறேன்.

பாளை கால்நடை எழுதியது:

அம்மா, உன் அப்பாவின் கை செய்கிற வேலை பெரிய வேலை. சூட்டைக் கையால் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை, படத்தில் எவ்வளவு நெருங்கிக் காட்டினாலும் அது தெரியாது. எடுக்கும்போது பையன்களைக் குதிரைக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல், பின்னால் நிற்க வேண்டாம். பூட்டுவதற்கு முன் குதிரையை நேர்கோட்டில் கொஞ்ச தூரம் நடத்தி, திருப்பிக் கொண்டுவரச் சொல். போகும்போது இடுப்பும், வரும்போது தலையும் தெரியும்.

மாணவத் தம்பி, ஹாங்காங் தளத்தை மகன் திறந்து கொடுத்தான். நேற்று இரவு மருத்துவக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்ததில் சாப்பாடு ஆறிவிட்டது. நம் நாட்டுக் கிளப்களும் இப்படிக் குதிரை வாரியாகப் போட வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து எழுதலாமா? நீங்கள் மாணவர்களாகக் கையெழுத்துப் போட்டால் மதிப்பு உண்டு. நான் வரைவு எழுதி அனுப்புகிறேன்.

தென்காசித் தம்பி, திரையைப் பிளக்கிற விஷயம் எனக்குப் புதிது. ஆனாலும் நடையைப் பார்த்துச் சொல்வதற்கு ஆள் வைத்திருக்கிறார்களே, அந்த மட்டில் சந்தோஷம்.

அம்பைத் தம்பி, 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். கேபிள் தொகுப்பை நிறுத்தி ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொள்ள எழுதிக் கொடுக்கப் போகிறேன். மனுவில் என்னென்ன எண் போட வேண்டும்?

அம்பை கேபிள் எழுதியது:

அண்ணாச்சி, செட்டாப் பெட்டியின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கிற நீளமான எண், உங்கள் வாடிக்கையாளர் எண், பதிவு செய்த கைப்பேசி எண், இந்த மூன்றும் போதும். வேண்டிய சேனலின் பெயரை எழுதி, ‘தொகுப்பு வேண்டாம், தனிச் சேனலாக மட்டும்’ என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கொடுத்தால் அடுத்த மாதக் கணக்கிலிருந்து மாறிவிடும். மெல்போர்ன் ஓட்டம் நவம்பரில்தானே? அக்டோபர் கடைசியில் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். எந்தச் சேனல் உரிமை வாங்கியிருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன், அந்த ஒரு மாதத்துக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.